நாவல் மரத்தில் குப்பம்மா அக்கா வைத்த கை

செய்தி வந்தபோது நான் பாகூரில் என் மாட்டுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்தேன். மாட்டைக் கீழே சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு பக்கத்துக் குளம்புகளுக்கு மட்டும் ஆணி இறக்கி முடித்திருந்தோம். கரையாம்புத்தூர்ப் பக்கமிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டையோடு சைக்கிளில் வந்தவர் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"நடுக்காட்டு அக்கா பூட்டாங்கபா."

லாடம் கட்டுகிறவர் சுத்தியலைக் கீழே வைக்கவே இல்லை. "யாரு வெட்னது?" என்று கேட்டார்.

"யாரும் வெட்டல. ஜொரம்."

"ஜொரமா? அக்காவுக்கா?"

"ஏன், அவங்களுக்கு ஜொரம் வரக்கூடாதா?"

"வரலாம். இத்தினி பேரு கத்தி தீட்டி வச்சிகினு காத்துகினு இருந்தாங்களே, எல்லாருக்கும் பெப்பே காட்டிட்டாங்களேன்னு சொன்னேன்."

மீதி லாடம் வேண்டாம் என்று மாட்டை எழுப்பி வண்டியில் பூட்டினேன். ஒரு பக்கம் இரும்புச் சத்தமும் மறுபக்கம் சத்தமே இல்லாமலும் அந்த மாடு நொண்டி நொண்டி நடந்தது. வழியில் எனக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. கரியமாணிக்கத்தில் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் வண்டியை நிறுத்தி அதையே கேட்டார்கள்: "யாரு வெட்னது?" ஒரு மனுஷி ஜுரத்தில் இறந்தார் என்பதை நம்ப வைக்க நான் அன்றைக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குப்பம்மாள் என்பது அவர் பெயர். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போகவே, இவரைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். அதே காரணத்துக்காக மண்ணாங்கட்டி என்று பெயர் வைக்கப்பட்டவருக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். "எமனுக்கு எங்க ரெண்டு பேர் மேலயும் கண்ணு வுழாதுன்னு நெனச்சாங்க. எமன்தான் துப்பாக்கி வச்சிகினு நின்னானே, அவனுக்குப் பேரு எதுக்கு?" என்பார். குள்ளமான உருவம். குரல் மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். இடது கையில் இரண்டு விரல் இல்லை. தொடையில் துப்பாக்கி ரவை பாய்ந்த குழிகள். அவர் உடம்பில் இருந்த ஒவ்வொரு தழும்புக்கும் ஆள் உண்டு. அந்த ஆட்களில் பாதிப் பேர் நேற்று அவர் பாடையைத் தூக்கினார்கள்.

நடுக்காடு என்பது பழைய காடு அல்ல. பிரெஞ்சுக்காரன் எல்லை எங்கள் ஊரோடு முடிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் இந்தியா. எல்லை நெடுக அந்தப் பக்கத்தில் கம்பி வேலி போட்டு ஆயுதப் போலீசை நிறுத்தினார்கள். இந்தப் பக்கத்தில் பிரெஞ்சுச் சம்பளம் வாங்கிய நம் சிப்பாய்கள் நின்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளத் துண்டு நிலம் மாட்டிக்கொண்டது. அங்கே யாருடைய நிழல் தெரிந்தாலும் இரண்டு பக்கமும் சுடுவார்கள். பயிர் வைத்தவர்கள் அறுக்காமலே ஓடி வந்தார்கள். வரப்பில் நின்ற நாவலும் இலுப்பையும் விதை போட, கருவேலும் ஈச்சையும் அடைத்துக்கொண்டன. கோடாரி படாத இடம் என்று கொக்குக்கும் வக்காவுக்கும் எப்படித் தெரிந்ததோ, மழைக்காலம் வந்தால் மரமெல்லாம் கூடு. பாம்புத்தாரா வந்தது. நத்தைகுத்தி நாரை வந்தது. நரி குட்டி போட்டது. அரசாங்கம் பலகை நட்டுக் காக்கும் காடுகள் எங்கெங்கோ உண்டு என்கிறார்கள். எங்கள் காட்டைக் காத்தது இரண்டு பக்கத் துப்பாக்கிதான்.

என் சிவலைப் பசு ஒருமுறை கயிற்றை அறுத்துக்கொண்டு அதற்குள் போனது. வயிற்றில் குண்டு. சாகும்வரை அது கத்தியதை நான் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அது சினைப்பசு. சரி, அதை விடுங்கள். சொல்ல வந்தது வேறு.

மண்ணாங்கட்டி அந்தத் துண்டு வழியாக, மதுவிலக்கு இருந்த அந்தப் பக்கத்துக்கு பிராந்தி பாட்டில் கடத்திப் பிழைத்தார். அன்றைக்கு எங்கள் ஊரில் பாதிப் பேர் பிழைப்பு அதுதான். ஒரு சித்திரை மாதம், நாவல் மரத்தடியில் அவரைச் சுட்டுப் போட்டார்கள். எந்தப் பக்கத்துக் குண்டு என்று இன்றுவரை தெரியாது. பிணத்தை எடுக்க அனுமதி கேட்டால், நம் சிப்பாய் "எங்க எல்லையில வுழல" என்றான். அந்தப் பக்கத்து அதிகாரியும் அதையே சொன்னார். வெயிலில் பிணம் ஊதியது. ஆண்கள் நாங்கள் ஊர் எல்லையில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

நரி ஊளையிட ஆரம்பித்ததும் குப்பம்மா அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். ஒரு குண்டு அவர் காலடியில் புழுதியைக் கிளப்பியது. அவர் நிற்கவில்லை.

"எம் புருசன இஸ்துகினு போறேன். சுடறவன் சுடு. ரெண்டு பொணமானா தூக்கறது உங்க வேல!"

இரண்டு பக்கமும் துப்பாக்கி அடங்கிவிட்டது. கணவரின் ஒரு காலைப் பிடித்து இழுத்து வந்தார். இன்னொரு காலை முட்டிவரை நரி தின்றிருந்தது. ஊர் எல்லைக்கு வந்ததும் எங்களைப் பார்த்து, "இப்பயாவது ஒரு கை புடிங்கடா, கோவணம் கட்டன பொம்பளைங்களா" என்றார். பிடித்தோம்.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரன் ஆட்சியை விட்டுப் போக, கம்பியை எடுத்தார்கள். கொடி ஏறியது, மேளம் அடித்தார்கள், ஊர்த் தலைவரான மேர் வீட்டு வாசலில் பானகம் கொடுத்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். மார்கழி பிறந்ததும் கோடாரியைத் தூக்கினோம்.

அதற்குக் காரணம் ஒரு பேச்சு. பாரீசில் இன்னும் காயிதத்தில் கையெழுத்தாகவில்லையாம். அதுவரை நடுக்காடு எந்த சர்க்காருக்கும் சொந்தமில்லையாம். யார் முதலில் வெட்டித் திருத்துகிறாரோ அவருக்கே பட்டாவாம். யார் கிளப்பிவிட்டது என்று தெரியாது. இரண்டு ஊரும் நம்பியது. எங்கள் பக்கத்தில் முன்னால் நின்றவர் ஏழுமலை. செத்துப்போன மண்ணாங்கட்டியின் தம்பி, அக்காவுக்குக் கொழுந்தன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பாட்டன் காலத்திலிருந்து அடுத்தவன் சேற்றில் நின்ற குடும்பம். ஒரு காணி நிலம் என்பது அவருக்குச் சாமி மாதிரி.

மார்கழி என்றால் கூட்டிலெல்லாம் குஞ்சு. மரம் விழும்போது குஞ்சுகள் மழை மாதிரிக் கொட்டின. சில தரையில் மோதி வெடித்தன. உயிரோடு கிடந்தவற்றைத் தடியால் அடித்துக் கூடையில் அள்ளினார்கள். தாய்ப் பறவைகள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்ற, அவற்றின் எச்சமும் கீழே கிடந்த ரத்தமும் எங்கள் உடம்பெல்லாம். நடுவில் ஓர் இலுப்பை மரத்துக்காக இரண்டு ஊருக்கும் சண்டை மூண்டது. அந்தப் பக்கத்து ஆள் ஒருவருக்குத் தோளில் கோடாரி இறங்கி எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் ஆள் ஒருவருக்குக் கண் போனது. ஒரு மாதத்துக்கு முன் கட்டிப்பிடித்துக்கொண்ட அதே ஆட்கள்.

நான் வாடகைக்குப் போன வண்டிக்காரன். கட்டையும் தழையும் ஏற்றி நிறுத்தியிருந்தேன். அக்கா வந்தார். ஒரு கையில் எரிகிற வைக்கோல் பிரி. முதலில் என் மாடுகளை அவிழ்த்துத் தள்ளி ஓட்டினார். உதவி செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"இன்னா அக்கா, மாட்ட அவுக்கற?"

"மாடு இன்னா பண்ணிச்சி, பாவம்" என்றபடி நெருப்பை வண்டிக்குள் சொருகினார்.

தடுக்கப் போன என்னை என் சாட்டையாலேயே விளாசினார். இந்தக் காது மடல் பிளந்திருப்பது அதனால்தான். நுகத்தடியை மட்டும் உருவினேன். அதுவும் பாதி கருகிவிட்டது. அவர் அடுத்த வண்டிக்குப் போனார். அங்கும் முதலில் மாடு, பிறகு நெருப்பு.

பிறகு நாவல் மரத்துக்கு ஓடினார். அங்கே ஏழுமலை முதல் வெட்டைப் போட்டிருந்தார். அக்கா அந்த வெட்டின் மேலேயே இடது கையை விரித்து வைத்தார்.

"கையெடு அண்ணி."

"வெட்டு."

"எங்கண்ணன் பொண்டாட்டியாச்சேன்னு பாக்கறன். எடு!"

"உங்கண்ணன் செத்தப்ப எல்லையாண்ட நின்னு பாத்த. இப்பயும் பாரு."

எடுத்துவிடுவார் என்று ஏழுமலை நினைத்தார். எடுக்கமாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கோடாரி இறங்கியது. இரண்டு விரல்கள் சிராயோடு சேர்ந்து தெறித்தன. ஏழுமலைதான் அலறினார். அக்கா கத்தவில்லை. குனிந்து இலைகளுக்குள் தேடி, விரல்களைப் பொறுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்தி சாய்வதற்குள் இரண்டு ஊர் நாட்டாமைகளும் அதே மரத்தடியில் கூடினார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அக்கா நடுவில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் போகவில்லை. முந்தானையை அவிழ்த்து விரல்களை எடுத்து நாட்டாமைகளுக்கு முன்னால் வைத்தார்.

"இன்னா வேணும் உனக்கு? ஏழுமலைய போலீசுல புடிச்சிக் குடுக்கணுமா?" என்றார் எங்கள் நாட்டாமை.

"வாணாம்."

"பின்ன?"

"காயிதம் வர வரைக்கும் இது யாருதும் இல்லன்றீங்க. அப்படின்னா வர வரைக்கும் யாரும் வெட்டாதீங்க. வந்தப்புறம் எவனுக்கு எழுதியிருக்கோ அவன் வெட்டட்டும்."

அந்தப் பக்கத்து நாட்டாமை சிரித்தார். "காயிதம் பொங்கலுக்குள்ள வந்துடும், தெரியுமா?"

"வரட்டுமே."

"உனக்கு இன்னாம்மா உரிம இதுல? உங்க ஊட்டு நெலமா?"

"ரெண்டு சர்க்காரு காத்த காடு. அதுக்கு வெல குடுத்தவ நான் ஒருத்திதான். மொதல்ல ஆள குடுத்தன். இப்ப வெரல குடுத்தன். வேற யாருனா எதனா குடுத்திருந்தா சொல்லுங்க, நான் எழுந்து பூட்றன்."

சரி என்று இரண்டு நாட்டாமைகளும் எழுந்தார்கள். மரத்தடிக் கல்லில் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பேச்சு கிடையாது. ஏழுமலை முதலில் அணைத்தார். கையை உடனே எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். தோல் கருகும் வாடை வந்தது. பிறகு இரண்டு ஊரும் வரிசையாக அணைத்தது. பொங்கல்வரைதானே என்று நானும் அணைத்தேன்.

பொங்கல் வந்தது, காயிதம் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. கையெழுத்தாகிவிட்டது என்றார்கள். ஆனால் பாரீசில் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். எட்டு வருஷம் ஓடியது. தபால்காரரைக் கண்டால் இரண்டு ஊரும் துரத்திப் போய்க் கேட்கும்.

"காயிதம் வந்துச்சா?"

"உன் மச்சான் போட்ட கார்டு வந்துகீது."

"அத நீயே வச்சிக்க!"

இந்த எட்டு வருஷமும் அக்கா காட்டோரம் குடிசை போட்டுக்கொண்டு அடித்தும் அடிபட்டும் வாழ்ந்தார். அவர் சாது என்று சொன்னால் அவரே எழுந்து வந்து என்னை அடிப்பார். வலை போட்டுக் கொக்குப் பிடித்த ஒருவரின் மணிக்கட்டை உலக்கையால் ஒடித்தார். அந்த ஆளுக்கு அந்த வருஷம் நடவு வேலை போயிற்று. வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் கேட்டேன்.

"ஏன் அக்கா, மெரட்டி அனுப்பிச்சா ஆவாதா?"

"கை ஒடிஞ்சா சேரும் தம்பி. கொக்கு கழுத்து ஒடிஞ்சா சேருமா?"

அது எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்றும் படவில்லை. அவர் குடிசையை இரண்டு முறை கொளுத்தினார்கள். அவர் நாய்க்கு விஷம் வைத்தார்கள். டவுனிலிருந்து காரில் வாத்து சுட வந்தவர்கள் முன்னால் போய் நின்றார். விலகச் சொன்னார்கள், விலகவில்லை. ஒருவன் தரையைப் பார்த்துச் சுட்டான். ரவை தெறித்துத் தொடையில் ஏறியது. ரத்தம் ஒழுக ஒழுக அவன் கையைக் கடித்தார். துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அதை அவர் ஓடையில் எறிந்துவிட்டார். ரவையைப் பிடுங்க நான்தான் அவரை வண்டியில் பாகூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். புது வண்டி. வழியெல்லாம் முனகிக்கொண்டே, "இந்த வண்டி பழசவிட நல்லாகீது தம்பி" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு மாட்டை ஓட்டிய வேகத்தில் அவர் இரண்டு முறை தலையில் இடித்துக்கொண்டார். சிரித்தார்.

இந்த ஆவணி மாதம் காயிதம் வந்துவிட்டது. பாரீசில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், சட்டப்படியும் நாம் இந்தியாதான். மறுபடி கொடி, மறுபடி மேளம். நடுக்காடு யார் பெயருக்கு என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லையாம். ஆனால் சத்தியம் முடிந்தது முடிந்ததுதான். அடுத்த நாள் விடிந்ததும் இரண்டு ஊரும் கோடாரியோடு கிளம்பியது. ஏழுமலை என்னையும் வண்டியோடு கூப்பிட்டார்.

அக்கா ஜுரமாகக் கிடந்தார். யாரிடம் கெஞ்சினாரோ, கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து நாவல் மரத்தடியில் போட்டிருந்தார்கள். தலையைத் தூக்கவும் முடியவில்லை. நாவல் பழம் விழுந்து விழுந்து கட்டிலும் போர்வையும் ஊதா நிறமாக இருந்தன. மேலே கிளை தெரியாமல் பழந்தின்னி வௌவால்கள்.

என் வண்டிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

"மாட்ட அவுத்துடு தம்பி."

ஒரு தீக்குச்சி கிழிக்க அவருக்குத் தெம்பு இல்லை. ஆனாலும் நான் இறங்கி மாட்டை அவிழ்த்தேன். எனக்குப் பின்னால் வந்த வண்டிக்காரர்களும் ஒருவர்விடாமல் அவிழ்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு அதுவும் நின்றது.

ஏழுமலை கட்டிலருகே வந்தார். "காயிதம் வந்துடுச்சி அண்ணி."

"வந்துச்சா."

"சத்தியம் முடிஞ்சிபோச்சி."

"ஆமா. வெட்டு." சொல்லிக்கொண்டே இடது கையை இழுத்து இழுத்து மரத்தின்மேல் வைத்தார். பழைய வெட்டு ஆறிப் பட்டை உருண்டு மூடியிருந்தது. மூன்று விரல் கை சரியாக அதன்மேல் உட்கார்ந்தது.

"கையெடு அண்ணி."

கை நகரவில்லை.

"எங்களுக்கு ஒரு காணி வாணாமா? எம் புள்ளைங்க எங்க போவும்? சொல்லிட்டு எடு!"

ஏழுமலை கோடாரியை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டது. மேலே வௌவால்கள் மொத்தமும் கிளம்பி வெயில் மறைந்தது. கண் திறந்தபோது கோடாரி அக்காவின் விரலுக்குப் பக்கத்தில், காம்புவரை மரத்தில் இறங்கி நின்றது. ஏழுமலை அதைப் பிடுங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் நடந்தார். அவர் போனபின் மற்றவர்களுக்கும் கை வரவில்லை. நாலாம் நாள், அந்தக் கட்டிலிலேயே, அந்த மரத்தடியிலேயே அக்காவின் உயிர் போனது. அந்தச் செய்திதான் எனக்குப் பாகூரில் கிடைத்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இல்லாததால் கொள்ளி ஏழுமலைக்கு. ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தவரிடம் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டார். தோளில் கோடாரி வாங்கியவர் அவர்தான்.

"கட்டைக்கு எங்க போறது ஏழுமல? காட்டுலயே ரெண்டு கெள கழிச்சிக்கலாமா?"

"அண்ணிய எரிக்கவா? எழுந்து வந்து கைய வச்சிக்கும்."

அழுகையும் சிரிப்புமாக இரண்டு ஊரும் வீடுகளுக்குத் திரும்பியது. அடுப்புக்கு வைத்திருந்த விறகு, உடைந்த ஏர், எருமுட்டை, பழைய கதவு என்று அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். மணிக்கட்டு ஒடிந்தவரின் வீட்டிலிருந்தும் ஒரு கட்டு வந்தது. அவர் வரவில்லை, கட்டை மட்டும் கொடுத்தனுப்பினார்.

நானும் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எட்டு வருஷமாக மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு நுகத்தடி சாத்தியிருந்தது. பாதி கருகியது. என்றைக்காவது அவர் எதிரில் போட்டு நியாயம் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவர் நெஞ்சுக்கு நேராக வைத்தேன். ஏழுமலை கொள்ளி வைத்தார். கருகிய பக்கம் உடனே பிடித்துக்கொண்டது.

நாளைக்கு நடுக்காடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சத்தியம் இல்லை, அக்காவும் இல்லை. ஏழுமலைக்கு இன்னும் ஒரு காணியும் இல்லை. கோடாரி மட்டும் நாவல் மரத்தில் அப்படியே நிற்கிறது. இன்றுவரை யாரும் தொடவில்லை.

போய்வாருங்கள் அக்கா. நீங்கள் பாதியில் விட்ட நுகத்தடி நேற்று முழுசாக எரிந்துவிட்டது. மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வைத்தேன்.